கூடவே நின்றவர்

"பேய் கேம்னாலே ஆகாதுன்னு லேப்டாப்பைத் தூக்கிப் பரண்ல போட்டவங்க நீங்க. இப்ப வாராவாரம் பேயோட மாரடிக்கிறீங்களாமே அண்ணி?"

அனுசுயா சிரித்துக்கொண்டே கேட்டாள். ஆனால் திருப்பனந்தாளிலிருந்து குத்தாலத்துக்கு அவள் பஸ் ஏறி வந்தது இதைக் கேட்பதற்காக அல்ல. அண்ணன் சதீஷுக்காகத் தூது வந்திருந்தாள். தோஹாவில் அவனுக்குக் குடும்ப விசா கிடைத்துவிட்டது. வீடும் பார்த்துவிட்டான். பூர்ணிமா 'வர்றேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிறந்த வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு, ஒன்றரை வருஷமாக அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவள் சொல்லவில்லை.

ரோட்டோரம் காயப்போட்டிருந்த குறுவை நெல்லைக் கிளறிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்த பூர்ணிமா, பாதத்தில் ஒட்டிய சுணையைச் சொறிந்துகொண்டே சொன்னாள்.

"பேயா புடிக்கல எனக்கு? உங்க அண்ணனோட ஆடுறதுதான் புடிக்கல."

"ஏன், அண்ணன் என்ன பண்ணுச்சு?"

"லீவுல வந்தப்ப ரெண்டு கேம் ஆடுனோம். ஒண்ணு பாழடைஞ்ச பங்களா. இன்னொண்ணு காடு. ரெண்டுலயும் ரெண்டு பேருமா சேர்ந்து தப்பிக்கணும். பேய் வந்துட்டா இவரு என்ன பண்ணுவாரு தெரியுமா? முன்னால ஓடிப்போயி கதவைச் சாத்திக்குவாரு. நான் வெளியில மாட்டிக்கிட்டு கத்துவேன். கேட்டா, 'கேம்தானே பூர்ணி'ம்பாரு."

"கேம்தானே அண்ணி."

"கேம்ல மட்டுமா அனு?"

அனுசுயாவுக்குத் தெரியும். நாலாம் மாதத்தில் கரு கலைந்து பூர்ணிமா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டிக்கெட்டை மாற்ற முடியாது, லீவு முடிந்துவிட்டது என்று விமானம் ஏறிப் போனவன் அவளுடைய அண்ணன். கையைப் பிடித்திருந்த பூர்ணிமாவின் விரல்களை அவன் ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுப் போனதை அனுசுயா பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"சரி, அப்புறம் இந்தப் புது கேம் மட்டும் எப்படிப் புடிச்சுது?"

பூர்ணிமாவின் முகம் இளகியது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தாள்.

"போன்ல ரொம்பக் கெஞ்சுனாருன்னுதான் ஆரம்பிச்சேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருக்கு லீவு. அவரு அங்க, நான் இங்க. ரூம்ல கூட இருக்கறவங்க தூங்குவாங்கன்னு மைக்கை அணைச்சுடுவாரு, பேச்சே கிடையாது. கேம் என்னன்னா, வெள்ளத்துல மூழ்குன ஒரு ஊரு. தண்ணிக்குள்ளேருந்து திடீர்னு ஒரு கை வரும் பாரு, குலை நடுங்கிடும். மொத நாளே ஒரு மாடிப்படியில என் காலைப் புடிச்சு இழுத்துடுச்சு. சரி, இந்நேரம் இவரு கதவைச் சாத்தியிருப்பாருன்னு நினைச்சேன். பார்த்தா, அவ்வளவு தூரத்துலேருந்து தண்ணியில ஓடி வர்றாரு அனு! வந்து என்னைத் தூக்கி நிறுத்துனாரு."

"எங்க அண்ணனா?"

"எனக்கே நம்ப முடியல. மருந்து பாட்டில் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். அதையும் எனக்குத்தான் போடுவாரு. நான் பயந்துபோயி ஒரு மூலையில நின்னுட்டா, அவரும் நிப்பாரு. அவசரப்படுத்துறதே இல்ல. நான் காலெடுத்து வச்சாத்தான் அவரும் வைப்பாரு. போன வாரம் வேணும்னே சோதிச்சுப் பார்த்தேன். அப்படியே போட்டுட்டு எழுந்து போயி, அம்மாவுக்கு மாத்திரை குடுத்து, காயப்போட்ட துணியெல்லாம் எடுத்து மடிச்சு வச்சுட்டு வந்தேன். அதே இடத்துல நிக்கிறாரு. என் பக்கமே பார்த்துக்கிட்டு நிக்கிறாரு."

பூர்ணிமா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில நான் ஏங்குனது இதுக்குத்தான் அனு. சமாதானம் எல்லாம் சொல்ல வேணாம், சும்மா பக்கத்துல நிக்கட்டும்னு. அப்ப அவருக்கு அது தெரியல. இப்பத் தெரிஞ்சிருக்கு. மனுஷன் மாறிட்டாரு."

அனுசுயாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதை என்கிட்ட சொல்லி என்ன? அண்ணனுக்கு இப்ப சாப்பாட்டு நேரம்தான்" என்று சொல்லிக்கொண்டே வீடியோ கால் போட்டுப் போனை அண்ணியின் கையில் திணித்தாள்.

தலையில் ஹெல்மெட்டோடு, வாயில் சோற்றோடு, திரையில் தெரிந்தான் சதீஷ்.

"என்னங்க, நான் வர்றேன்."

"எங்க?"

"உங்ககிட்டதான். டிக்கெட் போடுங்க."

சதீஷுக்குப் புரை ஏறியது. தண்ணீர் குடித்தான். சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களிடம் "என் வொய்ஃப் வர்றாங்க!" என்று கத்தினான்.

"நெசமாத்தான் சொல்றியா பூர்ணி? எப்படி திடீர்னு மனசு மாறுச்சு?"

"எல்லாம் அந்த கேமாலதான். வெள்ளிக்கிழமை எப்ப வரும், உங்களோட எப்ப ஆடுவோம்னு இருக்கு. அங்க வந்துட்டா ஒண்ணா உக்காந்தே ஆடலாம்ல?"

சதீஷ் நெற்றியில் அடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"நீதான் வரப்போறியே, இனிமே மறைக்க என்ன இருக்கு? வெள்ளிக்கிழமை பிரியாணி சாப்பிட்டா எனக்குக் கண்ணு சொருகிடும். கேமை ஆரம்பிச்சு விட்டுட்டுப் படுத்துடுவேன். நாம ஆடலைன்னா கம்ப்யூட்டரே நம்ம ஆளை ஓட்டிக்கும், அதுல அப்படி ஒரு வசதி இருக்கு. மொத நாள்லேருந்து நான் ஒரு தடவைகூட ஆடினதில்ல பூர்ணி... பரவாயில்லையே, உனக்கு வித்தியாசமே தெரியல பாரு!"