இருநூறு சிங்காரங்கள்

வீடு கைமாறினால் விலையில் பாதி வரி என்று ஆனபிறகு, புத்திசாலிகள் யாரும் வாங்கிய வீட்டைத் தம் பெயருக்கு மாற்றுவதில்லை. கெஜட்டில் தம் பெயரையே வீட்டுக்காரர் பெயராக மாற்றிக்கொள்கிறார்கள். தாமரைச்செல்வியும் அப்படித்தான், அடுக்குமாடியைக் கட்டிய கோ. சிங்காரம் ஆனாள். அங்கே இருநூறு வீடு, இருநூறு சிங்காரம்.

என்றைக்காவது வரியைக் கட்டித் தன் பெயருக்கே திரும்பிவிட நினைத்திருந்தவள், வரி முக்கால் பங்காகிறது என்றதும் கொதித்துப்போய் எல்லோரையும் ஆட்சேபணைக் கூட்டத்துக்குத் திரட்டி வந்தாள்.

அதிகாரி மனுவைப் புரட்டினார். "என்னம்மா, ஒரே ஆளு இருநூறு கையெழுத்துப் போட்டிருக்காரு?"

"வேற வேற ஆளுங்க சார்!"

"அப்போ வீடெல்லாம் கைமாறியிருக்கா? இருநூறு பேருக்கும் வரி போட்டுரட்டுமா?"

தாமரைச்செல்வி அவசரமாகக் கையை ஆட்டி மறுத்தாள். "இல்ல சார், ஒரே ஆளுதான்."

பின்னால் நின்ற சிங்காரங்கள் அத்தனை பேரும் பலமாகத் தலையாட்டினார்கள்.

"ஆட்சேபணை: ஒன்று" என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.