இல்லாத நோய்

“அப்பாவுக்கு எப்பம்மா நல்லாவும்?”

நாலு வயதுப் பூவிழி கேட்டாள். சங்ககிரிப் பேருந்தின் ஜன்னலோரம், அம்மாவின் மடியில்.

பதில் வருமுன் பேருந்து நகர்ந்துவிட்டது. அவள் அப்பா கீழே நின்றான்.

எட்டு வருடம்.

இன்று அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில், பச்சைத் திரைக்குப் பின்னால், அவன் வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். தொடையில் படர்தாமரை. அதைக் காட்டத்தான் போன வாரம் வந்தான். பிறகு, ஆண்குறியின் நுனியில் இருந்த சின்னச் சின்ன முத்துகளையும் காட்டினான். ரத்தம் எடுத்தார்கள்.

மருத்துவர் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

“அரிப்புக்குக் களிம்பு எழுதறேன். இன்னொண்ணு காட்டினியே, அது நோயே இல்லப்பா.”

“சார்?”

“விளிம்பைச் சுத்தி வரிசையா, எல்லாம் ஒரே அளவு. வாலிபத்துல வந்திருக்கும், அப்படியே இருக்கும். மருவுன்னா தாறுமாறா, கொத்துக்கொத்தா வளரும். புண்ணு, கொப்புளம்னா அது வேற. உன் ரத்தமும் சுத்தம். எத்தனையோ ஆம்பளைங்களுக்கு இருக்கறதுதான். யாருக்கும் ஒட்டாது. எவன் சொன்னான் நோயின்னு?”



எட்டு வருடத்துக்கு முன் அவன் ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில் இருந்தான். திருச்செங்கோட்டில் ஏறினால் நாக்பூர், ராய்ப்பூர். வீடு திரும்ப ஒன்பது மாதம். அப்படித் திரும்பிய வருடம், போர்வெல் வண்டிக்காரர்களின் மனைவிகளுக்கு ஒரு முகாம் நடந்தது. பால்வினை நோய்களைப் படம் போட்டுக் காட்டினார்கள். அன்று இரவு அவன் மனைவி கலாமணி விளக்கை அணைக்க விடவில்லை. அந்த முத்துகளைப் பார்த்துவிட்டாள்.

மாதம் ஒரு நாள் லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்ப்பவரிடம் போனார்கள். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“எங்க வேலை?”

“வடக்கங்க.”

“அப்புறம் என்ன கேள்வி? மேக நோய்தான்.”

கலாமணி வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டது.

எந்தப் பெண்ணிடமும் போனதில்லை என்று மாரியம்மன்மேல் சத்தியம் செய்தான். அவள் நம்பவில்லை. போகப் போக அவனுக்கே சந்தேகம் வந்தது. குடித்த நாட்களிலெல்லாம் செய்யாத பாவத்தைத் தேடினான்.

அவள் பிரிந்து போவதற்கு ஊர்ப் பெரியவர்கள் காரணம் கேட்டார்கள். நோய் என்று அவள் சொல்லப்போகும் வார்த்தைக்காக அவன் தலைகுனிந்து நின்றான்.

“அவர்மேல ஒரு குத்தமும் இல்லீங்க. எனக்குத்தான் ஒத்துவரலை” என்றாள் கலாமணி.

“திமிரப் பாரு” என்றார் ஒருவர்.

அத்தனை பேர் முன்னால் அவள் அம்மா அவளை அறைந்தாள்.

அந்த அறை தனக்கு உரியது என்று அவனுக்குத் தெரிந்தது. கலாமணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் சொல்லவில்லை.

“சார், அந்த நோய் இல்லைங்கறத மட்டும் தமிழ்ல எழுதித் தருவீங்களா?” என்று மருத்துவரிடம் கேட்டான்.

“யாருக்கப்பா காட்டப் போற?”

மருத்துவர் சிரித்தார். சீட்டில், களிம்பின் பெயருக்குக் கீழே எழுதினார்.

இது நோய் அல்ல. இயற்கையானது.

வெளியே வந்தான். பூவிழிக்கு இப்போது பன்னிரண்டு வயது. இன்னும் கொஞ்ச நாளில் அவளே எல்லாம் கேட்பாள். இந்த ஒரு வரி போதும். மகள் முன்னால் நிமிர்ந்து நிற்கலாம்.

மகள் பிறந்தநாளுக்கு மட்டும் பேசும் கலாமணியின் எண். அழுத்தினான்.

குக்கர் சத்தம் கேட்டது. கலாமணிக்கு மறுமணத்தில் பிறந்த குழந்தை எதற்கோ அழுதுகொண்டிருந்தது.

“ஏனுங்க, இன்னிக்குப் பொறந்தநாள் இல்லீங்களே?”

“ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.”

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“அதுக்குங்களா?”

“ம்.”

“நான் யார்கிட்டயும் வாயத் தொறக்கலைங்க. பூவிழிகிட்டக்கூட. வெள்ளியானா உங்களுக்குன்னு தனியா ஒரு வெளக்குப் போடறேன். தப்புப் பண்ணிட்டாரு, ஆனா மனுசன் நல்லவரு, மன்னிச்சுரு தாயேன்னு.”

எட்டு வருட வெள்ளிக்கிழமைகள்.

அவன் சீட்டைப் பார்த்தான். வரி நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால், இனி எந்த வெள்ளிக்கிழமையும் அவளால் அந்தச் சன்னிதியில் நிற்க முடியாது.

“குணமாயிருச்சு, கலா. மருந்து கேட்டுருச்சு.”

“மகமாயி” என்றாள். அப்புறம் அழுகைதான் கேட்டது.

அவன் மெல்லத் துண்டித்தான்.

சீட்டை மடித்து, நகத்தால் அழுத்தி, கீழ்ப்பாதியைக் கிழித்தான். யாருமில்லாத குழாயடியில் அதை நனைத்துப் பிசைந்தான். மை விரல்களில் இறங்கியது.

மேல்பாதியை எடுத்துக்கொண்டு, களிம்பு வாங்கும் வரிசையில் போய் நின்றான்.