மேஜை மாற்றம்

“நாளையிலேர்ந்து நீ வெட்டுற மேஜைக்கு வர வேண்டாம். வளர்ப்பு அறையில போய் பாட்டில்களைப் பார்த்துக்கோ.”

தலைமை டெக்னீஷியன் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்கு வருகிறவர். புதிதாகச் சேர்ந்தவளுக்கு முகம் சுண்டிப் போனது.

“நான் என்ன தப்பு பண்ணேன் மேடம்?”

“கேள்வி கேக்காம சொன்னதைச் செய்.”

இலையை மருந்தில் கழுவி, துண்டுகளாக வெட்டி, பாட்டிலுக்குள் சத்துக்கூழின் மேல் வைக்க வேண்டும். துண்டு கட்டியாகப் பருத்து, கட்டியிலிருந்து துளிர் விடும். இலைத் துண்டிலிருந்து செடி வளர்க்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் இந்த வேலை கைவந்தால்தான் நிரந்தரம். பாட்டில் பார்ப்பதெல்லாம் ஓரங்கட்டுவதற்கு இன்னொரு பெயர்.

சாப்பாட்டு நேரத்தில் தோழி பொரிந்து தள்ளினாள். “சிடுமூஞ்சிக்குப் பொறாமைடி! உன் பாட்டில் ஒண்ணுலகூட பூஞ்சை பிடிக்கலையே, அது கண்ணை உறுத்துது.”

புதியவள் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. “இந்த வேலை எனக்கு நிலைக்கணும்டி. இப்பப் போய் கைவிட்டுப் போச்சுன்னா...” அழுதே விட்டாள்.

மறுநாளிலிருந்து வளர்ப்பு அறைதான். பாட்டில்களோடு உர்ரென்று உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் காலை, அவள் முன்பு வெட்டி வைத்த துண்டில் கடுகளவு பச்சை எட்டிப் பார்த்தது.

“வந்துடுச்சு!” கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

திரும்பினால் மேடம். உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“நல்லா வெட்டியிருக்கே. இதைக் காட்டித்தான் உன்னை நிரந்தரமாக்கச் சொல்லிப் பேசப் போறேன்.”

“அப்புறம் எதுக்கு மேடம் என்னை மேஜையிலேர்ந்து துரத்துனீங்க?”

“இலை கழுவுற மருந்துல பாதரசம் இருக்கு. தினமும் காலையில நீ வாயைப் பொத்திக்கிட்டு ஓடுறதைப் பார்த்தேன். வேலை நிரந்தரமாகுற வரைக்கும் வெளியில தெரியக் கூடாதுன்னு நினைக்கிறே. அங்க வச்சுக் காரணம் சொன்னா ஊருக்கே தெரிஞ்சிருக்காதா?”

அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது.

மேடம் பாட்டிலை விளக்கொளியில் தூக்கிப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார்.

“இது கெட்டா இன்னொரு இலையை வெட்டி வச்சுக்கலாம். அதுக்கு அப்படி முடியாதுடி.”