சுழல்வட்டத்தின் ஒரே சுற்று

பஸ் டிக்கெட் பதிவு செய்யும் ஓர் இணையதளத்தில் ஒரு சுழல்வட்டம் இருந்தது. பக்கம் திறக்கும்வரை சுற்றிக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. "சனியன், இன்னும் சுத்துது பார்!" என்று வருகிறவர்களெல்லாம் அதைத்தான் திட்டினார்கள். தான் மெதுவாகச் சுற்றுவதால்தான் தாமதம் என்று நம்பி, பாவம், அது இன்னும் வேகமாகச் சுற்றியது.

ஒருநாள் அங்கே பிரேம்வொர்க் ஒன்று, அதாவது பக்கத்தைக் கட்டி நடத்தும் புது மென்பொருள், வேலைக்கு வந்தது. "ஏன் இப்படி மூச்சு வாங்குறே?" என்று கேட்டது.

"என்னாலதானே எல்லாரும் காத்துக் கிடக்காங்க."

"உன்னாலயா? ஒரு சீட்டோட நிறம் மாறினா, இங்கே மொத்தப் பக்கமும் கலைஞ்சு முதல்லேருந்து வந்து உட்காருது. நீ என்ன பண்ணுவே?" பிறகு பக்கத்திலிருந்த சீட்டுகள், படங்கள் எல்லாவற்றையும் பார்த்துச் சொன்னது: "இனிமே மாறின சீட் மட்டும் எழுந்தாப் போதும். கீழே இருக்கிற படமெல்லாம் ஆள் அங்கே வரும்போது வந்தாப் போதும்."

அன்று பூங்குழலி என்ற பெண் ஜன்னலோர சீட்டைத் தொட்டாள். அது மட்டும் பச்சையானது. சுற்றத் தயாராக நின்ற வட்டத்துக்கு வேலையே இல்லை. "அப்போ நான் கிளம்பட்டுமா?" என்றது தயங்கித் தயங்கி.

"எங்கே போறே? அவ பணம் கட்டினதும், பேங்க் பதில் சொல்ற வரைக்கும் அவளுக்குத் துணையா யார் இருக்கிறது?"

வட்டம் நிதானமாக ஒரே ஒரு சுற்று சுற்றியது. பூங்குழலி பக்கத்திலிருந்த அம்மாவிடம், "இரும்மா, பார்த்துட்டிருக்கு, இப்போ வந்துடும்" என்றாள்.

தன்னைப் பற்றி ஒருவர் அப்படிப் பேசி அது கேட்டதே இல்லை. டிக்கெட் வந்த பிறகும் நன்றியில் இன்னொரு சுற்று சுற்றிவிடப் பார்த்தது. பிரேம்வொர்க்தான் பிடித்து நிறுத்தியது.