ஐந்தாம் மாடி டீச்சர்

“ஏம்ப்பா, அந்த ஸ்பேர் பார்ட் கப்பல்ல வருதா, இல்ல நீந்தி வருதா?”

லிஃப்ட் வாசலில் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருந்த மெக்கானிக் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். “அடுத்த வாரம் கண்டிப்பா வந்துடும் டீச்சர்.”

“இதையேதானே நாலு மாசமா சொல்றே?”

விட்டால் டீச்சர் அவரைப் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார் போலிருந்தது. பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துப் பழகிய குரல் அது. அடுக்குமாடிக் கட்டிடம் முழுக்கக் கேட்கும்.

நேரம் கெட்ட நேரத்தில் ஆறாம் மாடி வக்கீல் காலிக் காய்கறிப் பையோடு அந்தப் பக்கம் வந்து மாட்டிக்கொண்டார்.

“வக்கீல் சார், ஊருக்கெல்லாம் கேஸ் போடுறீங்க. சொந்தக் காலுக்காக இந்த லிஃப்ட் கம்பெனி மேல ஒரு கேஸ் போட மாட்டீங்களா?”

“பாவம், அவரும் முயற்சி பண்றாரு டீச்சர்.”

“அது சரி, தினம் ஆறு மாடி ஏறியும் உங்க தொப்பை கொஞ்சம்கூடக் குறையலையே?”

“உடம்பு வாகு டீச்சர்” என்று சொல்லிவிட்டு வக்கீல் கடைப்பக்கம் நழுவினார்.

வாசலில் ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது. டீச்சரின் கணவர். “சண்டையை வந்து போடலாம், வாம்மா. டாக்டர் காத்திட்டிருப்பாங்க.”

டீச்சருக்கு மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கொட்டிப்போன முடி திரும்பி வந்தது, கூடவே எடையும் வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்ட நேரத்தில், சில மாதங்களுக்கு முன், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, கொழுப்பும் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். சிகிச்சைக்குப் பிறகு பலருக்கும் இப்படி ஆகும், உடம்பை அசைத்தால் குறைக்கலாம், இல்லாவிட்டால் இதற்கும் மாத்திரைதான் என்று சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கு வீடே அதிர்ந்தது. “படுன்னாங்க, படுத்தேன். ஊசின்னாங்க, கையை நீட்டினேன். போதும்! இனிமே எவராவது என்கிட்ட நட, ஓடுன்னு சொல்லிப் பாருங்க!”

கணவர் ஆசையாக வாங்கி வந்த ஷூ அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. போதாக்குறைக்கு லிஃப்டும் படுத்துக்கொண்டது.

இன்று ஸ்கூட்டரில் பாதி வழியில் கணவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. “ஏங்க, இன்னொரு மாத்திரை டப்பான்னா நான் அழுதுடுவேன்.”

கணவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். அவர் மனைவியின் கோபத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்குவார். இந்தக் குரலைத் தாங்க முடியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்ட குரல் இது.

டாக்டரம்மா பரிசோதனை முடிவைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். “என்ன பண்ணீங்க?”

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நான் ஒண்ணுமே பண்ணலையே டாக்டர்!”

“சர்க்கரை நார்மலுக்கு வந்திருக்கு. கொழுப்பும் இறங்கியிருக்கு. இடுப்புச் சுற்றளவுகூடக் குறைஞ்சிருக்கு. இதுக்கு மாத்திரையே வேண்டாம். ஜிம்முக்குப் போறீங்களா?”

“ஜிம்மா? எங்க லிஃப்ட் ரிப்பேர் டாக்டர்! ஸ்கூலுக்கு, கடைக்கு, மறந்துபோன குடைக்குன்னு அஞ்சு மாடி ஏறி இறங்கியே என் உயிர் போகுது.”

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். “அப்போ அந்த மெக்கானிக்குக்கு முதல்ல ஒரு தேங்க்ஸ் சொல்லுங்க. தொடர்ந்து ஏறுங்க.”

அவர்கள் திரும்பி வந்தபோது மெக்கானிக் இன்னும் அங்கேயே இருந்தார். நிறைந்த பையோடு வக்கீலும், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்றாம் மாடி அக்காவும் நின்றிருந்தார்கள்.

டீச்சரைக் கண்டதும் மெக்கானிக் எழுந்து நின்றார்.

“பயப்படாதப்பா. உன்னை ரொம்பப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதே. உன் லிஃப்ட் கெட்டதுல என் சர்க்கரை இறங்கிடுச்சு. மாத்திரை வேண்டாம்னுட்டாங்க!” டீச்சரின் முகமெல்லாம் சிரிப்பு. “அந்தக் கப்பல் மெதுவாவே வரட்டும். என்ன, மத்தவங்களை நினைச்சாத்தான் பாவமா இருக்கு.”

“எங்களுக்கென்ன டீச்சர், பழகிடுச்சு” என்றார் வக்கீல்.

“குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஏறுறது எனக்கும் நல்லதுதானே” என்றார் அக்கா.

“தங்கமான மனுஷங்க!” என்று சொல்லிவிட்டு டீச்சர் படியில் கால் வைத்தார். “ஏங்க, வரலையா?”

“நீ முன்னாடி போம்மா, வண்டியைப் பூட்டிட்டு வந்துடறேன்.”

டீச்சர் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். பாட்டு ஒவ்வொரு மாடியாக மேலே போய்த் தேய்ந்தது. கீழே நின்ற நால்வரும் வாயைத் திறக்காமல் காத்திருந்தார்கள்.

ஐந்தாம் மாடிக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. மெக்கானிக் சுவிட்சைத் தட்டினார். லிஃப்டில் விளக்கு எரிந்து கதவு வழுக்கிக்கொண்டு திறக்க, நால்வரும் உள்ளே ஏறினார்கள்.

“உங்களுக்கு எத்தனையாவது மாடி சார்?” என்று கேட்டார் மெக்கானிக்.

“நாலு” என்றார் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “மிச்சம் ஒரு மாடியாவது ஏறினாத்தான் மூச்சு வாங்கும், அவ நம்புவா.”