சிவப்புக் காய்

ஸ்கோர் சமம். ஆட்டம் முடிய அரை நொடி பாக்கி. பந்து என் மனைவியின் கையில்.

எதிரணிக்காரி ஒருத்தி அவள் கையைத் தட்டிவிட்டாள். அதற்குத் தண்டனையாக இவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. யாரும் குறுக்கே வரக் கூடாது. கோட்டில் நின்று நிதானமாகக் கூடைக்குள் போட வேண்டியதுதான். ஒன்று விழுந்தாலும் வெற்றி.

எங்கள் வீட்டு டிவிக்கு முன்னால் குடியிருப்பே கூடியிருந்தது. லிஃப்ட் வேறு காலையிலிருந்து மக்கர் செய்துகொண்டிருந்ததால் அத்தனை பேரும் மூச்சு வாங்கப் படியேறி வந்திருந்தார்கள். அதைச் சரிசெய்ய வேண்டிய மெக்கானிக், அதாவது நான், சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. இன்று நான் வீராங்கனையின் புருஷன்.

சர்வதேசக் கூடைப்பந்துப் போட்டி. குரூப் சுற்றில் கடைசி ஆட்டம். ஏற்கெனவே ஒன்றில் தோற்றிருந்ததால், இதில் ஆறு புள்ளியாவது கூடுதலாக எடுத்து ஜெயித்தால்தான் எங்கள் அணி அடுத்த சுற்றுக்குப் போகும். அதற்குக் குறைந்தால் ஜெயித்தும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அரை நொடியில் ஆறு புள்ளிக்கு எங்கே போவது? அந்த ஆசையை எல்லோரும் கைகழுவிவிட்டோம். கடைசி ஆட்டத்தில் ஜெயித்துவிட்டு வந்தார்கள் என்ற பெயராவது மிஞ்சட்டும் என்று இருந்தது.

நாற்காலி போதாததால் அம்மா கேரம் போர்டைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அது இருந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த போர்டுதான் அம்மாவின் ராஜ்ஜியம். மருமகள் வீட்டில் இருக்கும் நாளெல்லாம் சாயங்காலம் ஒரு ஆட்டம் நடக்கும். கடைசி வரைக்கும் இழுபறிதான். ஆனால் சிவப்புக் காய் குழியின் வாயில் வந்து நிற்கும்போது மருமகள் கோட்டை விட்டுவிடுவாள். மறுநாள் காலையில் பால் வாங்கப் போகும் அம்மா, நாலு மாடிக்கும் தான் ஜெயித்த செய்தியைச் சொல்லிவிட்டுத்தான் திரும்புவாள்.

பந்து விளையாடுகிற பெண் குடும்பத்துக்குச் சரிப்படுவாளா என்று எங்கள் கல்யாணத்தின்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள் இதே அம்மாதான். கேரம் ஆட ஆரம்பித்த பிறகுதான் இருவருக்கும் ஒட்டிக்கொண்டது.

என் மனைவி பந்தை இரண்டு முறை தரையில் தட்டினாள். வீசினாள்.

வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே போனது.

அறை முழுக்க ஐயோ. எதிர்வீட்டு அத்தை டிவியைப் பார்த்தே பதறாதே, பதறாதே என்று கையைக் காட்டினாள்.

ஃப்ரீ த்ரோவில் அவள் தவறவிட்டு நான் பார்த்ததே இல்லை. வீட்டில் அழுக்குத் துணியைக்கூடச் சமையலறையில் நின்றபடியே கூடைக்குள் வீசுகிறவள் அவள்.

இரண்டாவது பந்து.

பலகையில் மோதி, வளையத்தில் இடித்து, அதுவும் வெளியே. சைரன் ஊதியது.

டிவியில் அவள் முகம் பெரிதாகத் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். வலது கையை உதறினாள். எல்லாம் உன்னால்தான் என்பதுபோல அந்தக் கையையே முறைத்தாள்.

மேல்வீட்டுப் பல் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். உலகமே பார்த்துக்கொண்டிருக்க அவள் அப்படித் தனியாக நின்றது எனக்குத் தாங்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் அம்மா சிரித்தாள்.

"ஏன்டா எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க? வேணும்னே விட்டிருக்கா. ஒரு புள்ளியில ஜெயிச்சா பெட்டி கட்டணும். சமமா நின்னா இன்னும் அஞ்சு நிமிஷம் ஆடலாம்ல?"

எல்லோரும் மறுபடி டிவி பக்கம் திரும்பினோம். டிவியில் பயிற்சியாளர் என் மனைவியின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபத்தின் சுவடே இல்லை.

கூடுதல் ஐந்து நிமிடம் தொடங்கியது. அதில் அவள் பேயாட்டம் ஆடினாள். தூரத்திலிருந்து போட்டாள், ஓடிக்கொண்டே போட்டாள், மறுபடி கிடைத்த ஃப்ரீ த்ரோக்களைக் கண்ணை மூடித் திறப்பதற்குள் போட்டாள். ஒன்றுகூட வெளியே போகவில்லை.

எட்டுப் புள்ளி வித்தியாசத்தில் வெற்றி.

பல் டாக்டர் குதித்த குதியில் டீப்பாய் மேலிருந்த தண்ணீர் ஜாடி கவிழ்ந்தது. எதிர்வீட்டு அத்தை அம்மாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். சந்தோஷத்தில் நான் இன்றைக்கே லிஃப்டைச் சரிசெய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன்.

எல்லோரும் கலைந்த பிறகு டூல்ஸ் பையை எடுக்க உள்ளே வந்தேன். அம்மா போர்டை மறுபடி ஸ்டூல் மேல் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்களில் யாருக்குமே தோன்றாதது உனக்கு மட்டும் எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

அம்மா சிவப்புக் காயை எடுத்து நடுவில் வைத்தாள்.

"அந்த மூஞ்சியை எனக்குத் தெரியாதா? தினம் இந்தக் காயை விடறப்பவும் இப்படித்தான் நாக்கைக் கடிச்சிட்டுக் கையை உதறுவா."

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குத் தெரியும்னு அவகிட்ட உளறிடாதே. அப்புறம் நெஜமா ஆட ஆரம்பிச்சுடப் போறா."