நிற்காத வயர்

மின்சார கிட்டாரில் பாடுவது கம்பி என்பது உலகெங்கும் பரவிவிட்ட மூடநம்பிக்கை. கம்பி வெறுமனே அதிரும். அந்த அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது, அடியில் காந்தத்தைச் சுற்றியிருக்கும் செம்புச் சுருள். பிக்கப் என்பார்கள். பிக்கப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு ஸ்விட்ச். அதில் ஒரு வயர் விட்டுப்போனால், வாசிப்பவர் எப்பேர்ப்பட்ட கொம்பனானாலும் கிட்டார் ஊமைதான்.

"அந்த ஒரு வயரைக் கெடுத்துக் குடுங்கண்ணே" என்றாள் அவள், கணவனின் கிட்டாரை மேசைமேல் வைத்து.

கிட்டார் பழுது பார்க்கும் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, நான் சரி பண்றவன். கெடுக்கறதுக்கு வேற ஆளைப் பாருங்க."

"ஸ்விட்சை ரெண்டு தரம் தள்ளினா வயர் விட்டுடணும். அவருக்குத் தெரியக் கூடாது. சர்வீஸுக்குன்னு சொல்லித்தான் எடுத்துட்டு வந்திருக்கேன்."

"கட்டின புருஷன்மேல அப்படி என்ன பகை?"



"பக்கவாதம் வந்து எட்டு மாசமாச்சு. வலது கை நடுங்குது. சனிக்கிழமை அவரோட பழைய குழு கூப்பிட்டிருக்கு, வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுச் சேர்த்துக்கலாமான்னு பாக்க. நான் தினம் கேக்கறேனே, ஒரு பாட்டு முழுசா வரல."

"போக வேண்டாம்னு சொல்றதுதானே?"

"சொன்னேன். உனக்கு சங்கீதம் தெரியுமான்னு கேட்டார்." லேசாகச் சிரித்தாள். "கை தோத்துடுச்சுன்னா அப்புறம் அவர் எழுந்திருக்க மாட்டார்ணே. கிட்டார் தோத்துச்சுன்னா, அடுத்த தடவை பாத்துக்கலாம்னு சொல்லிக்கிட்டாவது இருப்பார்."

கடைக்காரர் பின்தகட்டைத் திறந்தார். முப்பது வருடத் தொழிலில் முதல் தடவையாக, வயரை ஒட்டியும் ஒட்டாமலும் ஈயம் வைத்துப் பற்றவைத்தார்.

திங்கட்கிழமை கணவரே வந்தார். பின்னால் அவள்.

"என்னய்யா வேலை பாக்கறே? முதல் பாட்டு, ஸ்விட்சைத் தள்ளறேன், கிட்டார் செத்துப்போச்சு. ஆளைக் கெடுக்கவா கடை போட்டிருக்கே?"

அவர் முதுகுக்குப் பின்னால் அவள் கைகூப்பினாள்.

"தப்பு என்னோடதுதாங்க" என்றார் கடைக்காரர்.

"குழுவுல எல்லாரும் என்ன சொன்னாங்க தெரியுமா? உன்மேல தப்பில்லப்பா, கிட்டார் காலை வாரிடுச்சுன்னாங்க." இதை மட்டும் அவர் மனைவி பக்கம் திரும்பிச் சொன்னார்.

"நான்தான் பாத்தேனே" என்றாள் அவள். "விடுங்க, அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"பின்னே? இவர் ஒழுங்கா சரி பண்ணினாத்தானே" என்று கிட்டாரை மேசைமேல் வைத்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினார்.

கடைக்காரர் தகட்டைத் திறந்தார்.

அவர் வைத்துக் கொடுத்த ஈயம் அங்கே இல்லை. வயரை வேறு யாரோ கெட்டியாகப் பற்றவைத்திருந்தார்கள். யானையைக் கட்டினாலும் தாங்கும். சுற்றிலும் மரத்தில், சூடான பற்றவைப்புக் கோல் நடுங்கிக் குறி தவறித் தவறிப் பட்ட கறுப்புத் தழும்புகள். ஏழு இருந்தன.

ஸ்பீக்கரில் இணைத்துப் பார்த்தார். சத்தமே வரவில்லை. கிட்டாரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் அடிவரை திருகி மூடப்பட்டிருந்தது. அதைத் திறந்துவிட்டு, கம்பியை மீட்டிக்கொண்டே ஸ்விட்சை இருபது தடவை தள்ளினார். ஒரு தடவைகூட சத்தம் நிற்கவில்லை.

தகட்டை மூடினார். ஒரு அட்டையை எடுத்து, "ஸ்விட்ச் பழுது. சரி பண்ண நாளாகும்" என்று எழுதி, கிட்டாரின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டார்.